அமிலத்தின் பிஎச் மதிப்பு எட்டு ஆகுமா? வேதியியல் தேர்வுக்குப் பின் விடை ஒப்பிட்ட அனுபவங்கள்

முன்னாள் பிளஸ் டூ மாணவர், அரசு மேல்நிலைப் பள்ளி:

வேதியியல் பொதுத்தேர்வு பகல் 1.15 மணிக்கு முடிந்தது. வெளியே வந்தவர்களில் ஒருவருக்கும் பசி நினைவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் பத்துப் பேர் கூடி, வினாத்தாளைப் பிரித்து ஒரு மதிப்பெண் வினாக்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கினோம். 70 மதிப்பெண் தாளில் அவை 15 மதிப்பெண்தான். ஆனால் 5 மதிப்பெண் விடையில் யார் என்ன எழுதினார்கள் என்று மரத்தடியில் நின்று ஒப்பிட முடியாது. 'அ'வா 'ஆ'வா என்று கேட்டுவிட முடியும். அதனால் வழக்கு முழுவதும் அந்தப் பதினைந்திலேயே நடந்தது.

ஐந்தாறு வினாக்கள் சச்சரவின்றிக் கடந்தன. அடுத்து வந்தது, 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஎச் மதிப்பு (கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் எண்) என்ன என்ற வினா. நான் 6.98 என்று எழுதியிருந்தேன். எங்கள் வகுப்பின் முதல் மாணவன் 8 என்றான். அவன் சொல்லி முடித்ததும், அதுவரை "சும்மா ஒன்றைப் போட்டுவிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்த இருவருக்குக்கூடத் தாங்கள் 8 என்று எழுதியது நினைவுக்கு வந்துவிட்டது. அடுக்கில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து எழுத வேண்டிய கணக்கில் நான் தேவையில்லாமல் மூளையைக் கசக்கியிருக்கிறேன் என்று ஒருவன் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல்தான் என்னை அதிகம் வருத்தியது.

எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. அமிலம் அவ்வளவு நீர்த்திருக்கும்போது, தண்ணீர் தானாகப் பிரிகையடைந்து தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூய நீரிலேயே 25 டிகிரி செல்சியஸில் அவற்றின் செறிவு 10⁻⁷ மோலார், அதாவது அந்த அமிலம் தருவதைப் போலப் பத்து மடங்கு. இரண்டையும் வெறுமனே கூட்டிவிடவும் முடியாது. அமிலம் சேர்ந்ததால் நீரின் பிரிகை சற்றுக் குறையும் என்பதால் இருபடிச் சமன்பாடு போட்டுத் தீர்த்தால் மொத்தச் செறிவு சுமார் 1.05 × 10⁻⁷ என்றும், அதன் பிஎச் 6.98 என்றும் வரும். தேர்வறையில் வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மரத்தடியில் அதே பென்சில் கணக்கைக் காட்டியபோது, ஒன்பது பேர் எதிரே நிற்க, எனக்கே அது யாரோ கிறுக்கிய கிறுக்கலாகத் தோன்றியது. அமிலத்தில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது நடுநிலையை நெருங்குமே தவிரக் காரமாக மாறாது, நடுநிலையான 7ஐத் தாண்டிய 8 என்பது காரக் கரைசலுக்கு உரிய எண் என்ற எளிய பதில், பாதி வழி போன பிறகு பேருந்தில்தான் எனக்குத் தோன்றியது. அடுத்த தேர்வுக்குப் படிக்க வேண்டிய அன்றைய மாலை முழுவதும், அங்கே இல்லாத நண்பர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டே கழிந்தது.

முடிவு வந்தபின் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். 6.98க்கு முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. ஆனால் ஆறு வினாக்கள் எழுத வேண்டிய மூன்று மதிப்பெண் பகுதியில், அந்த ஆறில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாய வினாவான 33ஆம் வினாவை விட்டுவிட்டு, எனக்குப் பிடித்த ஆறு வினாக்களுக்கு விடை எழுதி வைத்திருந்தேன். ஆறில் ஒன்று கணக்கில் வராமல் 3 மதிப்பெண் போயிருந்தது. கட்டாய வினா என்றால் எல்லாரும் எழுதித்தானே இருப்பார்கள் என்ற எண்ணத்தில், மரத்தடியில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவே இல்லை.

நீட் எழுதிய மாணவி:

நீட் தேர்வில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி வரும். வினாத்தொகுப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்றாலும், வினாத்தொகுப்பின் குறியீட்டுக்கு ஏற்ப வினாக்களின் வரிசை மாறும்; என்னுடைய 52ஆம் வினா தோழியின் தாளில் எங்கோ இருக்கும். எண்ணைச் சொல்லி ஒப்பிடத் தொடங்கி, நானும் அவளும் இரண்டு வெவ்வேறு வினாக்களைப் பற்றிப் பத்து நிமிடம் சண்டையிட்டிருக்கிறோம். வேதியியலின் 45 வினாக்களில் ஒவ்வொன்றும் சரியானால் 4, தவறானால் கழித்தல் 1 என்பதால், ஒரு விடை சரியிலிருந்து தவறுக்கு மாறும்போது 5 மதிப்பெண் இறங்குகிறது. அன்று இரவு இரண்டு பயிற்சி மையங்களின் விடைக்குறிப்புகள் வாட்ஸ்ஆப்பில் வந்தன; கரிம வேதியியல் வினா ஒன்றுக்கு அவை இரண்டும் வெவ்வேறு விடை தந்திருந்தன. எனக்குச் சாதகமானதை அம்மாவிடமும் பாதகமானதை எனக்கு நானேயும் சொல்லிக்கொண்டேன். அதிகாரபூர்வ உத்தேச விடைக்குறிப்பு வெளிவந்ததும் வினாவுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நான் ஒப்பிட்டதெல்லாம் வினாத்தொகுப்பில் பேனாவால் போட்ட குறிகளை வைத்துத்தான். பிறகு இணையத்தில் வெளியான என் ஓஎம்ஆர் தாளின் (வட்டங்களை நிரப்பி விடையைக் குறிக்கும் தாள்) படத்தைப் பார்த்தபோது, இரண்டு வினாக்களில் வினாத்தொகுப்பில் ஒன்றும் வட்டத்தில் வேறொன்றுமாக இருந்தது. அவற்றில் ஒன்று தவறாகப் போனது. மற்றொன்று, கை தவறி நிரப்பியதால் சரியாகிவிட்டது.

விடைத்தாள் திருத்தும் வேதியியல் ஆசிரியை:

மேலே எழுதிய தம்பியின் நண்பர்களைப் போல, 'அ', 'ஆ' என்ற விடைக் குறியீட்டை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பிளஸ் டூ தாளில் குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது வினாத்தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டில் ஒன்று தவறானாலும் அந்த வினாவுக்குப் பூஜ்யம்தான் போட வேண்டும். 9650 கூலூம் மின்சுமைக்கு எத்தனை எலக்ட்ரான்கள் என்ற வினாவுக்கு 'இ' என்று சரியாகக் குறித்துவிட்டு, அதன் அருகே 6.022 × 10²² என்பதற்குப் பதிலாக 10²³ என்று எழுதிய ஒரு தாளை நான் திருத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளை வெளியே போய் 'இ' என்றுதான் சொல்லியிருக்கும்; நண்பர்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.