ஃப்ரம்: ஜூலியால ஜிம்மைக் காப்பாத்த முடியுமா? (மூணு சீசனும் முடிச்சவங்க மட்டும் உள்ளே வாங்க)

சுரங்கப்பாதை:
ஃப்ரம் தொடரோட (வெளியே போக முடியாத ஒரு ஊர், ராத்திரியில வந்து கொல்ற ராட்சசங்க) மூணாவது சீசன் கடைசி காட்சியைப் பத்தித்தான் கேள்வி. ஜிம் காட்டுல நிக்கிறப்போ வேற ஏதோ காலத்துல இருந்து வந்த அவர் மக ஜூலி ஓடி வந்து அவரைத் தப்பிச்சு ஓடச் சொல்றா. அதுக்குள்ள மஞ்சள் கோட்டுக்காரன் வந்து ஜிம் தொண்டையைக் கிழிச்சுடறான். ஆனா அதுக்கு முன்னாடியே ஜூலியோட தம்பி ஈத்தன் விதியைச் சொல்லிட்டான்: கதைக்குள்ள நடக்கத் தெரிஞ்சவங்க பழைய அத்தியாயத்துக்குப் போகலாம், சொல்லி முடிச்ச கதையை மாத்த முடியாது. அப்போ ஜூலியை எதுக்கு அங்க கொண்டு வந்து நிறுத்தினாங்க? நாலாவது சீசன்ல ஜிம் பிழைக்க வழி இருக்கா? "சும்மா ஒரு ட்விஸ்ட்" மாதிரி பதில் வேணாம், காட்சியைச் சொல்லிப் பேசுங்க.

பாட்டில்மரம்:
கயிறு காட்சியிலிருந்து ஆரம்பிக்கணும். முதல் சீசன் முடிவுல ஊர் ஷெரிஃப் பாய்ட் மரத்துக்குள்ள நுழைஞ்சு ஒரு கல் கிணத்துக்குள்ள போய் மாட்டிக்கிறார். மேலிருந்து யாரோ கயிறு போடறாங்க, ஏறி வர்றார், சங்கிலியில கிடக்கிற மார்ட்டின்ங்கிற ஒருத்தரைப் பார்க்கிறார். போட்டது யார்னு அப்போ காட்டவே இல்ல. மூணாவது சீசன்லதான் அது ஜூலின்னு தெரியுது. இடிஞ்ச கல்கட்டடத்துக்குள்ள போய், அங்கிருந்து அந்த நேரத்துக்கு நடந்து போனவ அவ.

இதுல கவனிக்க வேண்டியது, கயிறு போட்டு அவ எதையும் *மாத்தல*. அவ போட்டதாலதான் நாம முதல்ல பார்த்த கதையே நடந்துச்சு. ஈத்தனோட விதி உடையல, இன்னும் இறுகுது. அப்படிப் பார்த்தா ஜிம்கிட்ட அவ ஓடி வந்ததும், கத்தினதும், தோத்ததும் ஏற்கெனவே கதைக்குள்ள இருக்கு. நாலாவது சீசன்ல எங்கேயோ ஒரு எபிசோட்ல இதே காட்சியை அவ பக்கத்துல இருந்து பார்ப்போம். ஜிம் பிழைக்க மாட்டார்னுதான் என் கணக்கு.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. "சொல்லி முடிச்ச கதை"ன்னா நாம பார்த்தது மட்டும்தான். ஜிம் உடலை ஊர்க்காரங்க கண்டுபிடிக்கிறதை மூணாவது சீசன்ல காட்டல. ஜூலி அங்க வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சா, ஜிம் விழுந்ததும் என்ன செஞ்சான்னும் தெரியாது. அவளால ஏதாவது முடியும்னா அந்த இருட்டான இடத்துலதான் முடியும்.

ரேடியோ கோபுரம்:
நீங்க ஜூலியையே பார்க்கிறீங்க, நான் கொலைகாரனைப் பார்க்கச் சொல்றேன். முதல் சீசன் பத்தாவது எபிசோட்ல ஜிம் கோபுரம் கட்டி ரேடியோவை உயிர்ப்பிச்சப்போ ஒரு குரல் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உன் மனைவி அந்தக் குழியைத் தோண்டக் கூடாதுன்னு சொல்லுது (மனைவி டபித்தா வீட்டுக்கு அடியில தோண்டின குழி). அதே குழிப் பேச்சைத்தான் மஞ்சள் கோட்டுக்காரன் கடைசியில நேர்ல சொல்றான், கூடவே தெரிஞ்சுக்கிறதுக்கு விலை உண்டுன்னும் சொல்றான். ஆக எச்சரிக்கை ரெண்டு சீசனுக்கு முன்னாடியே வந்தாச்சு.

இந்த விலை எப்படி வசூல் ஆகுதுன்னு வரிசையா பாருங்க. பாய்ட் தன் உடம்புல இருந்த புழு ரத்தத்தை ஸ்மைலிங்கிற ராட்சசனுக்கு ஏத்திக் கொன்னார். அது ஒரு தடவைக்கான ஆயுதம், அதோட கைல ஒண்ணும் மிஞ்சல. மூணாவது சீசன் முதல் எபிசோட்லயே பாய்ட் கண் முன்னால ஊர்க்காரம்மா டியான்-சென்னை ராட்சசங்க கொன்னாங்க. பாய்ட் மேல கை வைக்கல. டபித்தாவும் ஊர்ல மாட்டின இன்னொருத்தனான ஜேடும் தங்களோட போன ஜென்மத்தைக் கண்டுபிடிச்சாங்க, செத்தது ஜிம். தெரிஞ்சுக்கிறவன் ஒருத்தன், பில் கட்டறவன் இன்னொருத்தன்.

என்னைக் கேட்டா நாலாவது சீசனோட நிஜமான கேள்வி ஜேடுக்காக யார் கட்டப் போறாங்கங்கிறதுதான். கூட வந்த நண்பன் டோபி ஆரம்பத்துலயே போயாச்சு. குடும்பம்னு அங்க யாரும் இல்ல. அவனுக்கு நெருக்கமா ஒருத்தரைத் திடீர்னு எழுத ஆரம்பிச்சாங்கன்னா அந்த ஆளுக்கு நாள் குறிச்சாச்சு.

சுரங்கப்பாதை:
சரிங்க, ஸ்மைலி திரும்பி வந்தானே? அந்த வழி ஜிம்முக்குக் கிடையாதா?

லென்ஸ்:
கிடையாது. ஸ்மைலி, பாய்டோட மருமக ஃபாத்திமா வயித்துல திரும்பப் பிறந்ததுக்குக் காரணம் அந்த ராட்சசங்க போட்ட பேரம்: சாகாம இருக்கணும்னு சொந்தக் குழந்தைகளையே பலி கொடுத்தாங்க. ஜிம் அந்தப் பேரத்துல இல்ல. மறுபிறவின்னு வாதாடினாலும் கால்குலேட்டர் ஒத்துக்காது. டபித்தா, ஜேடோட போன ஜென்மமான மிராண்டாவும் கிறிஸ்டோபரும் செத்தப்போ மிராண்டா மகன் விக்டர் சின்னப் பையன், இப்போ நடுவயசைத் தாண்டியாச்சு. அத்தனை வருஷ இடைவெளியில பிறந்து வளர்ந்துதான் டபித்தாவும் ஜேடும் வந்து சேர்ந்திருக்காங்க. ஜிம் அப்படி வரணும்னா தொடர் இன்னொரு தலைமுறை ஓடணும்.

ஜிம் திரையில வரவே மாட்டார்னு இதை எடுத்துக்காதீங்க. பாய்டோட மனைவி ஏபி மாதிரி வரலாம், பாய்ட் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறமும் அவர் கண்ணுக்குத் தெரியிறாளே. அப்படி வந்தா உடனே குதிக்காம ஒரு சோதனை பண்ணுங்க: பார்க்கிறவருக்கு ஏற்கெனவே தெரியாத ஒரு தகவலை உருவம் சொல்லுதா? சொல்லலைன்னா அது மனப்பிரமையோ அந்த இடம் ஆடுற நாடகமோதான். புதுசா ஒண்ணு சொல்லி, அது பிறகு நிஜமாகவும் இருந்தா மட்டும் மேல பேசலாம்.

பாட்டில்மரம் சொன்ன கயிறு கணக்கு எனக்கும் சரின்னு படுது. ஆனா எல்லாரும் ஜூலியோட நிறுத்திக்கிறீங்க. ரெண்டாவது சீசன்ல அதே கல்கட்டடத்துக் கனவுல அவளோட ஊர்க்காரங்க ராண்டலும் மரியெல்லும் மாட்டினாங்க. திறமை அந்தக் கனவுல இருந்து வந்ததுன்னா மூணு பேருக்கும் இருக்கணும். ஜூலிக்கு மட்டும்னா அது மேத்யூஸ் குடும்பத்து ரத்தத்துல, அதாவது டபித்தா வழியா வந்ததுன்னு ஆகும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணாம மத்த தியரி எதையும் கட்ட முடியாது.

பாட்டில்மரம்:
நல்ல பாயின்ட். டபித்தா வழின்னா ஈத்தனுக்கும் இருக்கணுமே? விதியைச் சொல்றவனே அவன்தான், அதுதான் உறுத்துது.

திரும்பப் பார்க்கிறவங்க முழு முப்பது எபிசோடும் போட வேணாம். முதல் சீசன் பத்தாவது எபிசோடோட கடைசிப் பகுதியை ஹெட்போன் போட்டுக் கேளுங்க, ரேடியோ குரலும் மஞ்சள் கோட்டுக்காரன் குரலும் ஒண்ணான்னு. அப்புறம் ரெண்டாவது சீசன் முதல் எபிசோட்ல கிணத்துக் காட்சி. கடைசியா மூணாவது சீசனோட ஒன்பதும் பத்தும். அந்த ரெண்டுல ஜூலி வர்ற ஒவ்வொரு காட்சியிலயும் உடை, முடி, காயம் மூணையும் குறிச்சு வைங்க. அப்பாகிட்ட ஓடி வர்ற ஜூலி எந்தக் கோலத்துல இருக்காளோ, அதே கோலத்துல நாலாவது சீசன்ல அவ எப்போ நிக்கிறாளோ அந்த எபிசோட்லதான் அவ கிளம்பப் போறா. அதுவரைக்கும் அவளுக்கு உயிர் ஆபத்து இல்லைன்னு தைரியமா இருக்கலாம். அதுக்கு அப்புறம் அந்த உத்தரவாதமும் கிடையாது.