மஞ்சள் பொடி வெளுத்துப்போய்விட்டது, சாயத்தண்ணீரில் எம்ஓஎஃப் தாங்காதா?

மஞ்சள்பொடி:
முனைவர் பட்டத்துக்கு இரண்டாம் வருடம். என்எச்2-மில்-125 என்ற எம்ஓஎஃப் செய்கிறேன்; அதாவது உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் (லிங்கர்) கோத்த, நுண்துளைகள் நிறைந்த சட்டகம். ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு, அமினோடெரிப்தாலிக் அமிலம் (இதுதான் லிங்கர்), டிஎம்எஃப் கரைப்பான், மெத்தனால் எல்லாம் ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலன்) 150 டிகிரி. எலுமிச்சை நிறத்தில் பொடி வரும். அமினோ இல்லாத மில்-125 வெள்ளை, புற ஊதாவுக்குத்தான் அசையும். இது நீல ஒளியையும் பிடிப்பதால் எடுத்தேன்.

மெத்திலீன் நீலச் சாயம் லிட்டருக்கு 10 மி.கி. எல்.இ.டி. அடியில் ஒரு மணி நேரத்தில் 92 சதவீத நிறம் போனது. அந்தச் சந்தோஷத்தில் திருப்பூரில் அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து போட்டேன். ரியாக்டிவ் கறுப்பு, பிஎச் 10.8. மூன்று மணி நேரமாகியும் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. சென்ட்ரிஃப்யூஜ் செய்து பார்த்தால் அடியில் பொடி வெளுத்துக் கிடக்கிறது! எங்கே தப்பு?

இருட்டறை:
அந்த 92-இல் விளக்கு போடாமலே எவ்வளவு போகிறது? நீலம் பொடியில் ஒட்டிக்கொண்டாலும் கருவியில் குறைந்ததாகத்தான் காட்டும்.

நொய்யல்கரை:
தங்கச்சி, பொடி செத்துவிட்டது. பிஎச் 10.8-இல் ஹைட்ராக்சைடு வந்து டைட்டானியத்திலிருந்து லிங்கரின் கார்பாக்சிலேட் முனையைத் தள்ளிவிடும். லிங்கர் உப்பாகக் கரைந்து வெளியேறும், மிஞ்சுவது வெள்ளை டைட்டானியம் ஆக்சைடு. நம்பிக்கை இல்லையென்றால், சாயம் போடாமல் அதே பிஎச்சில் பொடியை ஊறவைத்து, மேல்தண்ணீரில் கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை அடியுங்கள். அமினோடெரிப்தாலேட் நீலமாக ஒளிரும்.

அப்புறம், பொடி பிழைத்திருந்தாலும் கறுப்பு உள்ளே போயிருக்காது. மில்-125 துளையின் வாசல் சுமார் 6 ஆங்ஸ்ட்ராம் (0.6 நானோமீட்டர்). ரியாக்டிவ் கறுப்பு பெரிய மூலக்கூறு, வாசலிலேயே நிற்கும். அத்தனை துளையும் வீண், வேலை செய்வது வெளிச்சுவர் மட்டும். போதாததற்கு சாயக்குளியலில் கொட்டிய உப்பும் சோடாவும் வேறு. சாயத்தைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கலைக் குளோரைடும் கார்பனேட்டும் முன்பே தின்றுவிடும்.

ரேடிக்கலைப் பிடிக்க, நீல ஒளிர்வைப் பார்க்கும் டெரிப்தாலிக் அமிலச் சோதனை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் சட்டகத்தின் லிங்கரே அந்த இனம், கசிந்தால் பொய்ச்சாட்சி சொல்லும். நான் அப்படி ஒரு மாதம் ஏமாந்தவன். நிறத்தை விட்டுவிட்டு டிஓசி (தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பன்) பாருங்கள். இருட்டில் பொடியில் ஒட்டிக்கொண்டதைக் கழித்த பிறகும் அது குறைந்தால்தான் சாயம் முழுதாகச் சிதைந்ததாகக் கணக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பொடியை எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பு குலைந்ததா என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுங்கள்.

இருட்டறை:
பெரிய மூலக்கூறுதான் வேண்டுமென்றால் இரும்பில் செய்த மில்-100 எம்ஓஎஃப் பாருங்கள். வாசல் 9 ஆங்ஸ்ட்ராம் வரை, தண்ணீரிலேயே செய்யலாம். ஆனால் காரம் அதற்கும் ஆகாது.

மஞ்சள்பொடி:
இரண்டும் செய்துவிட்டேன். இருட்டிலேயே 74 போகிறது, ஆக விளக்கின் பங்கு மிஞ்சிப்போனால் 18. டார்ச் அடித்ததும் குப்பி பளிச்சென்று நீலம். அப்பாவிடம் சொன்னேன். "பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துலயே மொதல்ல ஆசிட் ஊத்தி பிஎச்சை எறக்குவாங்களே, நீ எதுக்கு அப்படியே தூக்கிட்டுப் போன?" என்கிறார். திங்கட்கிழமை பிஎச் 6-இல் மறுபடி போடுகிறேன்.