வெளிநாட்டில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை: ஸ்பானியம் படிக்கப் போனவர்கள் பகிரலாம்

கும்பகோணத்துக்காரி

சலமான்கா, ஸ்பெயின், 2014 ஜனவரி. அங்கே பல்கலைக்கழக முகப்புச் சிற்பங்களுக்குள் ஒளிந்திருக்கும் கல்தவளையைத் தானாகக் கண்டுபிடித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். கண்டுபிடித்தாயா என்று யாரும் கேட்க வேண்டாம். பக்கத்தில் நின்றவர் விரல் நீட்டிக் காட்டிவிட்டார், அது கணக்கில் சேராதாம்.

சொல்ல வந்தது பருப்பைப் பற்றி. விண்ணப்பத்திலேயே சைவம் என்று எழுதியிருந்தேன். போய்ச் சேர்ந்த அன்றும் "நோ கோமோ கார்னே" (கறி சாப்பிடமாட்டேன்) என்று மூன்று முறை சொன்னேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா, சென்யோரா, மூன்று முறையும் தலையாட்டினார். அறுபத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை, மகள் மாட்ரிட்டில். வாரத்தில் இரண்டு நாள் லெந்தேஹாஸ் வைப்பார். தோல் நீக்காத மைசூர்ப் பருப்புதான். வீட்டு நினைப்பில் இரண்டு தட்டு சாப்பிடுவேன். லேசாகப் புகை மணக்கும். கேட்டால் பிமென்தோன் என்பார், அதாவது புகையில் உலர்த்திய மிளகாய்த் தூள். நம்பினேன்.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு சீக்கிரம் முடிந்து, இரண்டரை மணிச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கே வந்துவிட்டேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. சென்யோரா முக்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, பானையிலிருந்து பன்றிக்கறி சாசேஜான சோரிசோவின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அரிசியில் கல் பொறுக்கும்போது என் பாட்டியின் முகம் அப்படித்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் தட்டைத் தூக்கிக் காட்டிப் பெருமையாகச் சிரித்தார்: "எல்லாம் உனக்காகத்தான், ஒன்றுகூட விடவில்லை."

நான் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன், அவர் காதில் விழும்படி. அதன்பிறகு அவர் பருப்பு வைக்கவே இல்லை. மீதி ஏழு வாரமும் முட்டையும் உருளைக்கிழங்கும். எனக்கு வைக்காதது சரி, அவரும் சாப்பிடவில்லை.

நாஞ்சிலான்

கோபித்துக்கொள்ளாதீர்கள், தப்பு உங்கள் மேல்தான். ஹாமோனும் (உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடை) சோரிசோவும் கார்னே கணக்கிலேயே வராத வீடுகள் அங்கே நிறைய. நம் ஊரில் முட்டை சைவமா என்று கேட்டால் தெருவுக்கு ஒரு பதில் வருவதைப் போலத்தான். அந்த அம்மாள் உங்கள் பேச்சை மதித்துத்தான் பொறுக்கியிருக்கிறார்.

என் கதையும் ஸ்பெயினில்தான், சரகோசாவில். எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்துக் குடித்தால் அடி விழும். அந்தப் பழக்கத்தில் முதல் நாளே பாட்டிலை அண்ணாந்து குடித்தேன். மேசையே நின்றுவிட்டது. வீட்டுத் தாத்தா எழுந்து உள்ளே போய், நீண்ட மூக்கு வைத்த கண்ணாடிக் கூஜா ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தார். பொர்ரோன். பேரன் குடித்தபோது சட்டை நனைந்தது. நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் கையை நீட்டிப் பிடித்துக் குடித்தேன். தாத்தா கைதட்டினார், கண்ணில் தண்ணீர்.

அதற்கப்புறம் யார் விருந்துக்கு வந்தாலும் "அந்த இந்தியனைக் கூப்பிடு" என்பார். பொர்ரோன் தயாராக இருக்கும். பிரியத்தில் கூப்பிட்டாரா, வேடிக்கை காட்டினாரா? இரண்டு மாதம் குடித்துக் காட்டினேன், இன்றும் தெரியவில்லை.

பேரன்

வஹாகா, மெக்சிகோ, 2018. என் தாத்தா கருப்புச்சட்டைக்காரர். செத்த பிறகு சடங்கு கூடாது, படத்துக்கு மாலைகூடப் போடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். அவருடைய புகைப்படத்தை வீட்டுக்காரம்மா கேட்டார், செல்போனில் அனுப்பினேன். எதற்கென்று கேட்கவில்லை.

நவம்பர் 1 மாலை வகுப்பிலிருந்து வந்தால், கூடத்தில் ஒஃப்ரெண்டா, அதாவது இறந்தவர்களுக்கான படையல் மேடை, எழும்பியிருக்கிறது. படிப்படியாக நம் வீட்டுக் கொலு மாதிரி. செண்டுமல்லி குவியல் குவியலாக (அந்தப் பூவே அங்கிருந்துதான் நமக்கு வந்தது), ரொட்டி, உப்பு, ஒரு தம்ளர் தண்ணீர், கோபால் புகை. கோபால் வேறொன்றுமில்லை, சாம்பிராணிக்குத் தம்பி. மூன்றாவது படியில் அவருடைய மாமியாருக்கும் செத்துப்போன நாய்க்கும் நடுவில் என் தாத்தா. சட்டம் போட்டு, மாலை போட்டு. முன்னால் சின்னக் கிண்ணத்தில் மெஸ்கால் என்ற சாராயம். ஆயுளில் ஒரு சொட்டுக் குடிக்காதவர்.

"ரொம்ப தூரத்திலிருந்து வருகிறார், தாகமாக இருக்கும்" என்றார் அந்தம்மா.

எடுத்துவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு ஸ்பானியம் அன்று எனக்கு வந்திருந்தது. சொல்லவில்லை. மறுநாள் இரவுவரை அவர் அங்கேயே இருந்தார். அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை.

தாமிரபரணி

நாஞ்சிலான் அண்ணாச்சி, தப்பு யார் மேல் என்று தீர்ப்புச் சொல்ல இங்கே பஞ்சாயத்தா நடக்கிறது? சைவம் சாப்பிடுகிறவளுக்குக் குமட்டினால் அது அவள் கையில் இல்லை.

எனக்கு நடந்தது அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில். மாத்தே, வெந்நீரில் ஊறவைத்த இலைச் சாறு. ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், ஆறு வாய். எச்சில் என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்தது அத்தனையும் தொண்டையில் வந்து நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிவிட்டு, மரியாதையாக "கிராசியாஸ்" (நன்றி) சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் குடுவை என்னைத் தாண்டிப் போனது. மறுநாளும் ஒரு வாய், ஒரு கிராசியாஸ், அதோடு சரி. என் முகத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுப் பத்து வயதுப் பெண்தான் சொன்னாள்: மாத்தேயில் கிராசியாஸ் என்றால் "போதும், இனி வேண்டாம்" என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு கொடுத்தால்தான் சுற்று திரும்பி வரும்.

நம் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? வெளிநாட்டில் பேச்சுக்குப் பேச்சு சொல்லவேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பினேன். ஆனால் அந்த இரண்டு வாரமும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

குவாத்தமாலாவில் ஆன்டிகுவா, 2011. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கிடையாது என்று தாளில் எழுதியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. மேசையில் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் தன் தொர்தியாக்களில் (மக்காச்சோள ரொட்டி) பாதியை என் தட்டில் வைத்தார். அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்கள் கவனிக்க. "கார்னே" என்ற சொல்லோடு நிற்காதீர்கள். ஹாமோன், சோரிசோ, சூரை மீன், கால்தோ (எலும்பில் வடித்த சாறு) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். ஸ்பெயினில் பல வீடுகளில் வெந்நீர் 12.5 கிலோ ஆரஞ்சு நிற சிலிண்டரிலிருந்து வருகிறது; நீங்கள் பாட்டுப் பாடிக் குளித்தால் அடுத்தவர் சோப்போடு நிற்பார். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதீர்கள், சளி பிடிக்கும் என்று விரட்டி விரட்டிச் செருப்புக் கொடுப்பார்கள். மெக்சிகோவில் கழிப்பறைக் காகிதம் கூடைக்குள் போகும். ஸ்பெயினில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால், போன ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல ஊர்களில் அதற்கு நகராட்சி முகவரிப் பதிவு கேட்பார்கள், அதற்குச் சில வீட்டார் ஒப்புவதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அன்பளிப்பாகப் பால்கோவா கொண்டுபோகாதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணியின் பெட்டியில் பால் பொருள் வரக்கூடாது. இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான். மாலையில் எதையாவது கொறித்துவிட்டு...

கும்பகோணத்துக்காரி

ஐயா, நன்றி. யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதி தொர்தியாவைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

நாஞ்சிலானுக்கு: தப்பு யார் மேல் என்று நான் கேட்கவே இல்லை.

புதிதாய் வந்தவன்

அக்கா, ஒரு சந்தேகம். பொறுக்கி எடுத்த துண்டுகளை அவர் என்ன செய்வார்?

கும்பகோணத்துக்காரி

ராத்திரி நான் படுத்த பிறகு ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுவார் போலிருக்கிறது தம்பி. அது பின்னால்தான் புரிந்தது. அந்த வியாழக்கிழமைக்கு முன்பு, தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போதெல்லாம் சமையலறை ஜன்னல் திறந்தே கிடக்கும். வெளியே உறைபனி. இந்தக் கிழவிக்கு அறிவே இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே நான்தான் மூடிவிட்டு வருவேன்.