அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் பழைய உதைபந்தாட்டக் கையேடுகள்: இது எந்த ஆண்டு?

உவர்மலையான்

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை பாலையூற்றில் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அப்போது பரணில் இருந்து அப்பப்பாவின் றங்குப்பெட்டியை இறக்கினோம். அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில் (கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் இடம்) வேலை செய்தவர், 1957 இல் வெள்ளைக்காரன் நேவித் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை அங்கேதான். கப்பல்காரர் விட்டுப்போன சாமான் எதையும் எறியவிடமாட்டார் என்று அப்பா சொல்லுவார், அந்தப் பெட்டியைத் திறந்தபோதுதான் அது எவ்வளவு உண்மை என்று விளங்கியது. உடைந்த சவரக்கத்தி, பித்தளைப் பொத்தான்கள், ஒரு ரின் நிறைய ஆணி, அடியில் பழைய சாரத்தில் சுற்றி பதினொரு சின்னப் புத்தகங்கள்.

பதினொன்றும் உதைபந்தாட்டம். சேட் பையில் வைக்கக்கூடிய அளவு. இரண்டில் பிளேஃபெயர் என்று இருக்கிறது, இரண்டில் நியூஸ் ஒஃப் த வேர்ல்ட். நான்குக்கு அட்டையே இல்லை. மிச்சம் மூன்றும் இங்கிலாந்தின் வடகிழக்குப் பக்கத்து ஏதோ ஊர்ப் பத்திரிகை போட்டவை. அதில் பெரிய கழகங்கள் கொஞ்சப் பக்கம்தான், மற்றதெல்லாம் அந்த ஊர்ச் சின்ன லீக்குகள், செயலாளர்களின் விலாசம், வலித்தைல விளம்பரம்.

இனித்தான் குழப்பம். அந்த மூன்றில் ஒன்றின் அட்டையில் 1939-40 என்று தெளிவாக இருக்கிறது. உள்ளே போட்டி அட்டவணையில் கோல் கணக்கு எழுத வெற்றுக் கோடு விட்டிருக்கிறார்கள், யாரோ பென்சிலால் கடைசிவரை நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த வருசம் யுத்தம் தொடங்கி லீக்கை நிறுத்திவிட்டார்கள்தானே? நடக்காத ஆட்டத்துக்கு யார் கோல் எழுதியது? அதுவும் நியூகாஸில் - நியூபோர்ட் 13-0 என்று ஒன்று. விளையாட்டுக்கு எழுதியிருப்பானோ?

அண்ணன் சொல்கிறான், பெயர் தெரிந்ததுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்ப் பத்திரிகைக் குப்பையைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்று. போடலாமா? அட்டை இல்லாதவற்றின் ஆண்டை எப்படிப் பிடிப்பது? பூச்சியும் அரித்திருக்கிறது.

கப்பல்துறைமுகம்

தம்பி, அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். அவர் குப்பை என்று சொன்னதுதான் அந்தப் பெட்டியிலேயே நல்ல சாமான்.

முதலில் 13-0. அது விளையாட்டு இல்லை, நடந்த ஆட்டம். 1946 ஒக்டோபர் 5, நியூகாஸில் தன் மைதானத்தில் நியூபோர்ட் கவுண்டிக்குப் பதின்மூன்று போட்டது. லென் ஷக்கிள்ரன் அந்தக் கழகத்துக்கு ஆடிய முதல் ஆட்டம், அவர் மட்டும் ஆறு. சரி, 1946 ஆட்டம் 1939 புத்தகத்தில் எப்படி வந்தது? 1939 ஓகஸ்ட் 26 ஆம் திகதி லீக் தொடங்கியது, செப்ரெம்பர் 3 யுத்தப் பிரகடனம், முதற்பிரிவில் ஆளுக்கு மூன்று ஆட்டத்தோடு சரி. மூன்றும் வென்று பிளக்பூல் மேலே நின்றதோடு எல்லாம் முடிந்தது. ஏழு வருசம் கழித்துத் திரும்ப லீக் தொடங்கும்போது புதிதாக அட்டவணை போடாமல் அந்த 1939-40 அட்டவணையையே எடுத்து ஓட்டினார்கள். யார் யாரோடு, எந்தக் கிழமை, யார் மைதானம், எல்லாம் அதேதான், திகதி மட்டும் தள்ளிப் போனது. அப்போது கடதாசித் தட்டுப்பாடு வேறு, வருசப் புத்தகம் எல்லாம் மெலிந்துபோன காலம். கையில் பழையது இருந்தவன் புதிது ஏன் தேடுவான்?

உம்முடைய புத்தகத்தைத் திறந்து மூன்று விசயம் பாரும். ஒன்று, அச்சடித்த திகதி வெட்டப்பட்டிருக்கிறதா. ஓகஸ்ட் 26 என்பது 31 ஆகியிருக்க வேண்டும். இரண்டாவது, லிவர்பூல் - செல்சி ஆட்டத்துக்கு 7-4 என்று இருக்கிறதா. 1939 இல் அதே ஆட்டம் 1-0 தான். மூன்றாவது முக்கியம், யூன் மாதத் திகதி எங்கேயாவது பென்சிலில் இருக்கிறதா. 1947 பனிக்காலம் இங்கிலாந்தையே முடக்கிப்போட்டது, ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போய், வேலைநாளில் ஆடவும் அரசாங்கம் தடைபோட, பருவம் யூன் 14 வரை இழுபட்டது. அன்றைக்குத்தான் ஸ்ரோக் தோற்று லிவர்பூல் சம்பியன் என்று முடிவானது. யுத்தத்துக்குப் பிந்திய அந்தக் காலத்தில் அப்படி யூன் மாதம்வரை இழுபட்ட லீக் பருவம் வேறு இல்லை, ஆகையால் யூன் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி இந்தப் புத்தகங்களின் கதை. 1868 இல் சார்ள்ஸ் அல்கொக் தொகுத்த உதைபந்தாட்ட வருசப் புத்தகத்தில் தொடங்கியது இந்த வழக்கம். பின்னாளில் எஃப்ஏ கிண்ணத்தைத் தொடங்கிவைத்த அதே மனிசன்தான். உம்மிடம் உள்ள நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் 1887 இல் வேறு பெயரில் பிறந்த பரம்பரை. பிளேஃபெயர் 1948 இல் வந்தது. 1970 இல் சிகரெட் கொம்பனிக் காசில் ரொத்மன்ஸ் தடித்த புத்தகமாக வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது. இதெல்லாம் ஆயிரக்கணக்கில் அச்சடித்தது, நாடு முழுக்க விற்றது, இன்றைக்கும் தேடினால் கிடைக்கும்.

ஊர்ப் பத்திரிகைக் கையேடு வேறு சாதி. அந்த ஊர்களில் சனிக்கிழமை பின்னேரம் ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் விளையாட்டுப் பத்திரிகை தெருவுக்கு வரும், ஒரு ஊரில் இளஞ்சிவப்புக் கடதாசி, இன்னொரு ஊரில் பச்சை. பர்மிங்ஹாமில் 1897 இலேயே தொடங்கிவிட்டார்கள், ஷெஃபீல்டின் பச்சைப் பத்திரிகை 1907 முதல் 2013 வரை வந்தது. அப்படிப்பட்ட பத்திரிகைக்காரர்தான் ஓகஸ்டில் பருவம் தொடங்கும்போது சில பென்ஸ் விலைக்கு இந்தக் கையேட்டையும் போடுவார்கள். அதற்குள்தான் சுரங்கத் தொழிலாளர் அணி, தேவாலய அணி, கடை அரைநாள் பூட்டும் புதன்கிழமையில் மட்டும் ஆடுகிற லீக் (ஷெஃபீல்ட் வெனஸ்டே என்ற பெயரே அப்படி வந்ததுதான்), நடுவர்களின் வீட்டு விலாசம், எந்த ட்ராமில் ஏறினால் எந்த மைதானம் என்ற விபரம் வரைக்கும் இருக்கும். லண்டன் புத்தகத்தில் இதில் ஒரு வரி வராது. மலிவுக் கடதாசி, ஒரு பருவம் பையில் கிடந்து கசங்கும், அடுத்த ஓகஸ்டில் அடுப்புக்குப் போகும். அதனால்தான் கிடைப்பதில்லை.

அட்டை இல்லாததைப் பிடிக்கப் பிரிவுகளின் பெயரைப் பாரும். மூன்றாம் பிரிவு வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்தால் 1958 க்கு முந்தியது, நாலாம் பிரிவு இருந்தால் பிந்தியது. போர்ட்ஸ்மத்தை நடப்புச் சம்பியன் என்று போட்டிருந்தால் 1949 அல்லது 1950 இல் வந்தது. நேவிக்காரரின் ஊர் அணி அது, அப்போது துள்ளாத கப்பல் இருந்திராது.

நூலகத்து அக்கா

தம்பி, பூச்சி விசயம் மட்டும் சொல்கிறேன். வெயிலில் காயவைக்க வேண்டாம், அந்த மலிவுக் கடதாசி இன்னும் மஞ்சளாகி முறியும். செலோரேப் ஒட்டவே வேண்டாம். திருகோணமலை உப்புக்காற்றுக்கு முதலில் போவது நடுவில் குத்திய கம்பிதான், துருவேறி அந்த இடத்தில் கடதாசி பொடியாகும். கத்தி நுனியால் மெல்ல நிமிர்த்திக் கம்பியைக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் இரண்டு தையல் போடுங்கள். இராமபாணப் பூச்சியாக இருந்தால் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை வையுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். மீன் வைக்கிற பெட்டியில் வைத்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது.

கிண்ணியாக்காரன்

இங்கிலாந்து ஊர் லீக்கின் நடுவர் விலாசம் வரைக்கும் பாதுகாக்கிறீர்கள், நல்லம். ஏகாம்பரம் மைதானத்தில் இருபது வருசத்துக்கு முந்தி இறுதி ஆட்டம் ஆடிய பதினொரு பேரின் பெயரை யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்களிடமும் இந்தச் சாமான் இருந்தது, நாங்கள் அதைக் கையேடு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கழகத்து வெள்ளிவிழா மலர், சுற்றுப்போட்டி மலர். முதல் பத்துப் பக்கம் வாழ்த்துச் செய்தி, அரசாங்க அதிபரில் இருந்து பிரதேச செயலாளர் வரை எல்லாருக்கும் ஒரே வசனம், அதைத் தாண்டினால் சாப்பாட்டுக்கடை, புடைவைக்கடை விளம்பரம், நடுவில் எங்கேயோ நாலு பக்கத்தில் அணிப்படமும் முடிவுகளும். அந்த நாலு பக்கம்தான் எங்கள் முழுச் சரித்திரமும். என்னிடம் எங்கள் கழகத்தின் மூன்று மலர் இருந்தது, 2004 டிசம்பரில் கடல் வந்து வீட்டோடு கொண்டுபோனது. பிறகு மூதூரில் ஒருவரிடம் ஒரு பிரதி கிடைத்தது, அதிலும் அணிப்படப் பக்கத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள், தங்கள் வாப்பாவின் படம் என்று நினைக்கிறேன். கோபிக்கவும் முடியவில்லை.

நூலகம் என்ற இணையத்தளத்தில் மலர்களை ஸ்கான் பண்ணி ஏற்றுகிறார்கள். பாடசாலை மலர், கோயில் மலர் நிறைய இருக்கும். கழகத்து மலர் வீட்டில் வைத்திருப்பவர்கள் அடுக்குப் பார்க்கும்போது ஒரு தடவை யோசியுங்கள்.

உவர்மலையான்

கப்பல்துறைமுகம் அண்ணா, கை நடுங்குது. மூன்றும் சரி! ஓகஸ்ட் 26 வெட்டி 31 என்று இருக்கிறது. லிவர்பூல் - செல்சி 7-4. கடைசிப் பக்கத்தில் இடம் காணாமல் ஓரத்தில் குறுக்கே எழுதிய யூன் 14. பெப்ரவரி, மார்ச் பக்கத்தில் ஏகப்பட்ட வெட்டும் அம்புக்குறியும், ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

அட்டை இல்லாத நான்கில் மூன்று வடக்கு-தெற்கு இருக்கிற காலம். அதில் ஒன்றில் போர்ட்ஸ்மத்தைச் சுற்றி மையால் வட்டம்.

இன்னொன்று. அந்த 1939-40 இன் பின்னட்டை உள்பக்கத்தில் குறிப்புக்கென்று விட்ட வெற்றுப் பக்கத்தில் வேறு கையெழுத்து. பென்சில்காரனின் சாய்ந்த எழுத்து இல்லை, நிமிர்ந்த, கொப்பியில் எழுதிப் பழகின எழுத்து. ஆங்கிலத்தில்தான், ஆனால் "டொக்யாட் 2 - கப்பல் 5", "டொக்யாட் 1 - கப்பல் 1" என்று ஆறு வரி, வருசம் இல்லை, கப்பலின் பெயரும் இல்லை. அப்பாவிடம் காட்டினேன். அப்பப்பாவின் ஏழு மாதிரி இருக்கிறது, அவர் ஏழுக்கு நடுவில் கோடு போடுவார் என்கிறார். ஆனால் அந்த ஆறு வரியில் ஒரே ஒரு ஏழுதான் இருக்கிறது.

அண்ணன் இப்போது இந்தப் புத்தகத்தைத் தன் அறையில் வைக்கவேணுமாம்.

கப்பல்துறைமுகம்

விடாதேயும். அண்ணனிடம் கொடுத்தால் அந்த ஆறு வரியைப் படம் எடுத்துவிட்டுக் கொடும். யன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், கொஞ்சம் சரித்துப் பிடித்தால் அழிந்த பென்சிலும் தெரியும்.

அந்த வடகிழக்குக் கையேட்டில் ஹார்ட்டில்பூல்ஸ் யுனைற்றட் என்று ஒரு கழகம் இருக்கும், பாரும். கடைசி எழுத்து ஸ். பழைய ஹார்ட்டில்பூலும் மேற்கு ஹார்ட்டில்பூலும் இரண்டு ஊர், இரண்டுக்கும் பொதுவான கழகம், அதனால் பன்மை. 1968 இல் அந்த ஸ் விழுந்தது, இதுவும் ஆண்டு பிடிக்க ஒரு வழி. நான் அந்தக் கழகத்துக் கையேடுகளைத்தான் இருபது வருசமாகச் சேர்க்கிறேன். ஏன் என்று இங்கே யாரும் கேட்டதில்லை, நானாகவே சொல்கிறேன். 1817 இல் பம்பாயில் தேக்கில் கட்டிய எங்கள் ஊர்ப் பெயர்கொண்ட போர்க்கப்பல், எச்எம்எஸ் ட்ரிங்கோமலி, இப்போது நிற்பது அந்த ஊரில்தான். பார்க்கப் போன இடத்தில் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கையேடு வாங்கினேன், அதோடு பிடித்த பைத்தியம்.

கிண்ணியாக்காரன்

தம்பி உவர்மலையான், கப்பலோடு ஆடிய டொக்யாட் அணி பற்றி எங்கள் ஊரில் ஒரு பெரியவர் கதை சொல்லுவார், அவருடைய வாப்பாவும் அங்கே வேலை. அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காட்டிப் பார்க்கிறேன்.

உவர்மலையான்

இன்றைக்கே அனுப்புகிறேன் நானா. புத்தகம் இப்போது ஃபிரீசரில். அம்மா மீனை எல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறா, இன்னும் பதின்மூன்று நாள் இருக்கு என்று நான் சொல்லவில்லை.