பகுதி சபைப் பிரதிநிதியாகப் பெயர் கொடுக்கலாமா?

கேள்வி: கிழக்குக் குறுக்குத் தெரு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வார்டு கவுன்சிலர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருக்களின் வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்த பகுதி சபைக்குப் பிரதிநிதியாக என் பெயரைப் பரிந்துரைக்க விரும்புவதாகவும், வாக்காளர் அடையாள அட்டையின் நகலோடு ஒரு சம்மதக் கடிதம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தில் பொருளாளராக இருப்பதால் என்னைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சம்பளம் இல்லாத பொறுப்பு என்பது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

என் தயக்கம் வேறு. கடைசியாக நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சமுதாய நலக்கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு, மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்து, வாசலிலேயே ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உதவிப் பொறியாளர் முடிந்த பணிகளின் பட்டியலை வாசித்தார், மக்கள் வரிசையில் நின்று மனுக்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதும் கூட்டம் கலைந்துவிட்டது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாய்களைத் திருட்டுத்தனமாக இணைத்திருப்பதைப் பற்றி நான் கொடுத்த மனு என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில் பிரதிநிதி என்ற பெயரோடு உட்காருவதால் ஏதாவது நடக்குமா, அல்லது நாளை தெருவில் தண்ணீர் தேங்கும்போது அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைத்தார் என்பதோடு முடிந்துவிடுமா? பிரதிநிதிக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், புரிந்துகொள்வீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, பெயர் கொடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் எதற்குப் பெயர் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நகராட்சிகளைப் பற்றிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதே, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243எஸ் பிரிவு சொல்லிவிட்டது. ஆனால் ஒரு வார்டுக்கோ பல வார்டுகளுக்குச் சேர்த்தோ குழு அமைக்கலாம் என்று அதே பிரிவு இடம் கொடுத்ததால், பல வார்டுகளை ஒரு மண்டலமாகக் கட்டி, அங்குள்ள கவுன்சிலர்களையே உறுப்பினர்களாக்கி, விஷயத்தை அத்தோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. சென்னையில் 200 வார்டுகளுக்கு 15 மண்டலக் குழுக்களே அமைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் சாதாரணக் குடிமகனுக்கு நாற்காலி கிடையாது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்த பிறகுதான், அதே ஆண்டின் நடுவில், வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் உரிய விதிகளை அரசு வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, சபைகள் முதன்முறையாகக் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அந்த வகையில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் இருபத்தொன்பது ஆண்டு தாமதித்து வந்த இடம். அதை வேண்டாம் என்று சொன்னால் நாற்காலி காலியாக இருக்கப்போவதில்லை, கவுன்சிலரின் மைத்துனரோ ஒப்பந்ததாரரின் நண்பரோ உட்காருவார்.

அதிகாரம் என்று கேட்டால், பணத்தின் மேல் உங்களுக்கு நேரடி அதிகாரம் எதுவும் இல்லை. பகுதி சபை, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் சேர்ந்தது. அதன் பிரதிநிதி, கவுன்சிலர் தலைமையில் கூடும் வார்டு குழுவில் உறுப்பினர். பிரதிநிதியைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். எந்த வேலைக்கு முன்னுரிமை என்று சொல்லலாம், குறைகளைச் சுட்டிக்காட்டலாம், நடக்கும் பணிகளைக் கவனிக்கலாம். எஸ்டிமேட்டில், அதாவது பணிக்கான செலவு மதிப்பீட்டில், கையெழுத்துப் போடும் இடத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இருந்தாலும், மனுவுக்கும் கூட்டத்தில் பதிவாகும் தீர்மானத்துக்கும் அலுவலகத்தில் இருக்கும் மரியாதை வேறு வேறு. மனுவை "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற ஒரே வரியில் முடித்துவிடலாம்; நாங்களும் அப்படித்தான் முடித்து வைப்போம். தீர்மானமாக ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானங்களின் நிலை என்ன என்று கேட்க ஒருவர் இருக்கும்வரை, அந்தக் கோப்பை மூடமுடியாது. அதுவும் தீர்மானத்தின் சொற்களைப் பொறுத்தது. "சாலை பழுதடைந்துள்ளது, சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால், பழைய தாரின் மேலேயே இன்னொரு அடுக்கைப் போட்டு, உங்கள் வாசல்படியைத் தெருவுக்குக் கீழே தள்ளிவிட்டு, பணி முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். "இன்ன தெருவில் இன்ன வீட்டிலிருந்து இன்ன வீடுவரை, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்திய பிறகே புதிய அடுக்குப் போடவேண்டும், சாலையின் மட்டம் இப்போது இருப்பதைவிட உயரக்கூடாது" என்று எழுதிப் பாருங்கள். அப்படிச் சுரண்டி எடுக்கும் மில்லிங் வேலைக்கான தொகை எஸ்டிமேட்டிலேயே ஏறவேண்டியிருக்கும், ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று கேட்பதற்கு உங்களிடம் எழுத்து இருக்கும்.

காலமும் முக்கியம். மாநகராட்சியின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், புதிய வேலை எதுவானாலும் முந்தைய டிசம்பர், ஜனவரிக்குள் பட்டியலில் ஏறியிருக்கவேண்டும். வடிகால் தூர்வாருவதை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் பேசிப் பயனில்லை. ஜூன் மாதமே பேசி, வண்டல் தொட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லி, எடுத்த மண்ணைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகாமல் அன்றே அள்ளிச் செல்லவேண்டும் என்பதையும் எழுதவேண்டும். கரையில் விட்ட மண் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போய்விடும்.

பதில்: மாடித்தோட்டம்

பொறியாளர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி என்றாலும், அவை கூட்டம் ஒழுங்காக நடக்கும் ஊருக்குப் பொருந்தும். எங்கள் ஊரில் ஏறத்தாழ ஓராண்டு இந்தப் பொறுப்பில் இருந்துவிட்டு விலகியவன் என்பதால், மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வார்டு குழுவில் யார் யார் உறுப்பினர் என்பதே எங்களுக்கு ஒருவருக்கொருவர் தெரியாது. பட்டியலை எந்த அறிவிப்புப் பலகையிலும் ஒட்டவில்லை. கூட்டத்துக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். என்ன பொருள் விவாதிக்கப்படும் என்று அதில் இருக்காது. வருகைப் பதிவு என்று சொல்லி, மேலே எதுவும் எழுதப்படாத பக்கத்தின் அடியில் கையெழுத்துக் கேட்பார்கள். பிறகு அந்தப் பக்கத்தின் மேல்பாதியில் என்ன எழுதப்பட்டது என்பது எழுதியவருக்கே வெளிச்சம். கழிவுநீர்ப் பிரச்சினைக்காகத் தெரு மக்கள் மறியல் செய்தபோது, "உங்கள் பிரதிநிதி ஒப்புக்கொண்டுதானே இந்த வேலையைத் தள்ளி வைத்தோம்" என்று சொல்லி என்னைக் காட்டினார்கள்.

ஆகவே சேருங்கள், ஆனால் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே வாசிக்கச் சொல்லி, அதன் கடைசி வரிக்கு நேர் கீழே கையெழுத்திட்டு, கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். இது யார் மீதும் அவநம்பிக்கை அல்ல, எந்தச் சங்கத்திலும் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

குறிப்பைத் தர மறுத்தால் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன்னிடமுள்ள வாரியங்கள், மன்றங்கள், குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்பவற்றைத் தானாகவே வெளியிடவேண்டும் என்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தால் முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். நான் விலகுவதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை அதுதான்; ஓராண்டில் எனக்குக் கிடைத்த ஒரே முழுமையான ஆவணமும் அந்தப் பதிலோடு வந்ததுதான்.

பதில்: கடைவீதி

இருவரும் கூட்டத்துக்குள் நடப்பதைப் பேசினீர்கள். கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதையும் கொஞ்சம் பேசலாமா?

நான் சாலையோர வியாபாரிகளோடும் வீட்டு வேலை செய்யும் பெண்களோடும் பணியாற்றுகிறேன். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவால் வரமுடியாது. அழைத்து வரப்பட்டவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மட்டுமே வருவார்கள். வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு வாக்குச் சொந்த ஊரில் இருக்கிறது. நலச் சங்கங்களிலோ பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களே இருக்கிறார்கள். அம்மா, உங்களை நியமிக்கப்போவது கவுன்சிலரின் பரிந்துரை. தெருக்காரர்கள் யாரும் உங்களுக்கு வாக்களிக்கப்போவதில்லை. அதனால் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதை நீங்களே நடந்து போய்ச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பகுதி சபையின் எல்லைக்குள் கால்வாய் ஓரத்தில் குடிசைகள் இருந்தால், கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு மாலை பொதுக் குழாய் அருகே போய் நின்று, தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, கழிப்பறையில் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். உங்கள் தெருவின் வடிகாலும் அங்கே போய்த்தான் முடிகிறது.

இன்னொரு குழுவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நலச் சங்கங்கள் அதைக் கவனிப்பதே இல்லை. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு நகரத்திலும் ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு அமையவேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதோர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்கவேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் அதிலேயே இடம் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இருந்தும் பகுதி சபைகளில் நலச் சங்கத்தார் முதலில் கொடுக்கும் மனு "நடைபாதைக் கடைகளை அகற்றுங்கள்" என்பதாகவே இருக்கிறது. காலையில் அந்தக் கடையில் கீரை வாங்கியவரே மாலையில் அந்த மனுவில் கையெழுத்திடுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்ய வியாபாரிகளும் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு இருக்கும்போது, அந்த விஷயத்தை அங்கே அனுப்பச் சொல்வதுதான் நியாயம்.

பதில்: மின்கம்பம் 14

சுருக்கமாக ஒன்று. எந்தக் குறை யாருடையது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு போங்கள். சென்னையில் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை, குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துடையவை, கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டுவது மின்வாரியம். மற்ற ஊர்களில் இந்தப் பிரிவினை வேறாக இருக்கும். நீங்கள் சொன்ன கழிவுநீர் இணைப்பு இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் விழும் விவகாரம் என்றால், இரண்டு தரப்பு அலுவலரும் ஒரே கூட்டத்துக்கு வரவேண்டும் என்பதையே முதல் தீர்மானமாக வைக்கலாம். சென்னைவாசிகள் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்த புகார்களின் எண்களையும் கொண்டுபோனால், "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்ற பதிலுக்கு இடமிருக்காது.

பெங்களூருவில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, கவுன்சிலர்களே இல்லாமல் ஆண்டுகள் ஓடின. குடிமக்கள் விடாமல் போய்க் கேட்டதால், அதிகாரிகளை வைத்தாவது வார்டு குழுக் கூட்டங்கள் பல இடங்களில் தொடர்ந்தன. நம் ஊரில் மன்றம் இருக்கும்போதே கூட்டம் நடத்தக் கேட்கவேண்டியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்: கிழக்குக் குறுக்குத் தெரு

எல்லோருக்கும் மிக்க நன்றி. சம்மதக் கடிதம் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டத்தை மாலை நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைக்கவேண்டும் என்ற வேண்டுகோளையும் அந்தக் கடிதத்திலேயே எழுதப்போகிறேன். கழிவுநீர் இணைப்பு விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல். திருட்டு இணைப்பு வைத்திருக்கும் வீடுகளில் ஒன்று கவுன்சிலருக்கு நெருக்கமானவருடையது. அந்தப் பொருளைக் கூட்டத்தில் எடுக்கவே கவுன்சிலர் விடமாட்டார் என்று தோன்றுகிறது. அப்படியானால் என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

யார் வீடு என்று எழுதாதீர்கள். பெயர் வந்தவுடன் அது உங்கள் இருவருக்கும் இடையிலான சண்டையாகிவிடும். "மழைநீர் வடிகாலின் முழு நீளத்தையும் மூடிகளைத் திறந்து ஆய்வு செய்து, கழிவுநீர் இணைப்புகளின் எண்ணிக்கையைத் தெருவாரியாக அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவேண்டும்" என்று எழுதுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, கூட்டத்தை ஒருங்கிணைக்கும் மாநகராட்சி அலுவலரிடம் இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு நகலை நீங்களே நேரில் கொடுங்கள். கோடையில் கொடுத்தால் நல்லது. வடிகால் காய்ந்திருக்கும்போது மூடியைத் திறந்தால், அதில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் மழைநீர் இல்லை என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.