கேபிளைச் சரிசெய்து ஒன்றரை மணி நேரம் கழித்து விழுந்த லினக்ஸ் கர்னல்

இரண்டு சர்வர், நடுவில் ஒரே ஸ்டோரேஜ், மேலே ஓசிஎஃப்எஸ்2 (ஒரே டிஸ்கைப் பல சர்வர்கள் பகிர உதவும் ஃபைல் சிஸ்டம்). ஒரு மதியம் ஃபைபர் கேபிள் தளர்ந்து, லாகில் நாலைந்து ஐஓ எர்ரர். கேபிளை அழுத்திச் செருகினோம், நின்றுவிட்டது. டீ குடிக்கப் போனோம். ஒன்றரை மணி நேரம் கழித்து முதல் சர்வர் பேனிக், அதாவது கர்னலே நின்றுபோனது. இரண்டாவது அதன் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) ரீப்ளே செய்து சமாளித்ததால் யாரும் அவ்வளவாகக் கத்தவில்லை.

கேபிள் ஞாபகமே வரவில்லை, ராம் மேல்தான் சந்தேகம். ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியும் ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம்தான், விழும்போது கேடம்ப் எடுத்து வைத்த மெமரிப் பதிவைத் திறந்தேன். பிளாக் படிக்கும் ஃபங்ஷனில் ஒரு பக்_ஆன்: நடக்கவே கூடாதது நடந்தால் கர்னலை நிறுத்தும் வரி. அதன் தலைக்கு மேலேயே கமெண்ட்: ஜர்னல் பிடித்திருக்கும் பஃபரில் (பிளாக்கின் மெமரிப் பிரதி) 'நீட்ஸ்வேலிடேட்' என்ற ஃப்ளாக்கை (அடையாளக் குறி) நாம் வைப்பதே இல்லையாம். அவ்வளவு நம்பிக்கை!

டிஸ்கிலிருந்து பிளாக்கைப் படிக்கக் கிளம்பும்போது, வந்ததும் சரிபார்க்கணும் என்று பஃபரில் 'நீட்ஸ்வேலிடேட்' ஃப்ளாக் ஏறும். படித்து முடித்ததும் இறங்கும். படிப்பதே தோற்றால்? எர்ரரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும், ஃப்ளாக்கை இறக்க ஆளில்லை. பிற்பாடு அந்த பஃபர் ஜர்னலுக்குள் போய், அதே பிளாக்கைத் திரும்பப் படிக்க வந்தால் கதை முடிந்தது.

பக்_ஆனையே தூக்கிவிடலாமே என்றார் கூட வேலை செய்பவர். மெட்டாஈசிசி (மெட்டாடேட்டா பிளாக்குகளுக்குச் செக்சம் போடும் வசதி) போட்டிருந்தால் செக்சம் ஜர்னலுக்கு எழுதும் நேரத்தில்தான் கணக்கிடப்படும். பக்_ஆனைத் தூக்கினால் நடுவிலேயே சரிபார்ப்பு நடந்து, நல்ல பிளாக்கையே கெட்டது என்று சொல்லிவிடும். எனவே வேண்டாம் என்றேன்.

தீர்வு ஒரே வரி: எர்ரர் வரும் பாதையிலும் ஃப்ளாக்கை இறக்குவது. 2018-இலேயே மெயின்லைனில் (அதிகாரப்பூர்வ லினக்ஸ் கர்னலில்) வந்துவிட்டது, எங்கள் கர்னல்தான் பழசு. பேட்ச்சைப் போட்டு, டெஸ்ட் மெஷினில், டிஸ்க் கோளாறைப் போலியாக உண்டாக்கும் டிஎம்-ஃப்ளேக்கி வைத்து வேண்டுமென்றே எர்ரர் வரவழைத்துப் பார்த்தேன். விழவில்லை.

*

பதில்: எங்களுக்கும் இதேதான். பேட்ச்சுக்கு ஒப்புதல் வர இரண்டு மாதம். அதுவரை ஐஓ எர்ரர் வந்தாலே அந்த சர்வரில் அன்மவுண்ட் செய்து திரும்ப மவுண்ட். பஃபர் போனால் ஃப்ளாக்கும் போச்சு.

*

பதில்: அட, எனக்கு இது தோன்றவே இல்லை. ஆனால் அன்மவுண்ட் ஆக விடுவார்களா? யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருப்பார்களே?

*

பதில்: இருப்பார்கள். யார் ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று எல்எஸ்ஓஎஃப் கமாண்ட் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் என்னுடைய பேக்கப் ஸ்கிரிப்ட்தான்.