இருபது லீற்றருக்கு நானூறு மில்லிலீற்றர்

குழு: கடற்கரைத் தெரு வீட்டார்

ரூபன் தம்பி, காலை 6.40
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை திருக்கடலூரிலிருந்து உப்புவெளிப் பக்கமாகப் படகை எடுத்துச் சென்றபோது, சென்ற மாதம் வாங்கிய 15 குதிரைவலு எஞ்சின் அரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. புறப்படும்போது புகை அளவுக்கு மீறி வந்தது. பிறகு புகை முற்றாக மறைந்து, சத்தம் கரகரப்பாக மாறி, வேகம் தானாகவே குறைந்து நின்றது. கயிற்றை இழுத்தபோது அசையவில்லை. ஆறிய பின்பு அசைந்தாலும் மீண்டும் இயக்கப் பயந்து, துடுப்பு வலித்தே கரை சேர்ந்தோம்.

பெரியப்பா, காலை 6.52
கரை சேர்ந்தது கோணேசர் அருள். ஓயில் போதவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் எப்போதும் ஒரு கை கூடுதலாகவே ஊற்றுவோம்.

ரூபன் தம்பி, காலை 6.58
குறைவாக ஊற்றவில்லை, பெரியப்பா. கையேட்டில் 50க்கு 1 என்று இருக்கிறது. 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஓயில். மருமகனின் பால் போத்தலில் அளவுக்கோடு தெளிவாக இருந்தபடியால், அதில் 200 வீதம் இரண்டு முறை அளந்து ஊற்றினேன்.

வாணி அக்கா, காலை 7.01
எந்தப் பால் போத்தலில்?

நான், காலை 7.05
ஒரு கேள்வி. மோட்டார் சைக்கிளில் ஓயிலைத் தனியாகத்தானே ஊற்றுகிறோம், இதில் மட்டும் ஏன் பெற்றோலுடன் கலக்க வேண்டும்?

சின்ன மாமா, காலை 7.34
உங்கள் பெரியப்பா, அதாவது என் அத்தான், இந்தக் குழுவில் பேச்சுத்தமிழை அனுமதிப்பதில்லை என்பதால், கராஜில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிப்பதை எழுதுவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துவிட்டது.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் ஓயில் தேங்கி நிற்கும், பம்ப் அதை எல்லா இடத்துக்கும் அனுப்பும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அப்படித் தேக்கி வைக்க இடமே இல்லை, ஏனென்றால் காற்றும் பெற்றோலும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங் சுற்றுகின்ற அந்தப் பெட்டிக்குள்தான் நுழைகின்றன. அங்கிருந்துதான் மேலே ஏறி எரிகின்றன. போகிற வழியில் பெற்றோல் ஆவியாகிவிட, அதனோடு வந்த ஓயில் பெயாரிங்குகளிலும் சிலிண்டர் சுவரிலும் படிகிறது. பெற்றோல் வந்தால்தான் ஓயிலும் வரும். ஓயில் இல்லாத பெற்றோல் சில நிமிடம் போனாலே பிஸ்டன் சூடேறி, விரிந்து, சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

ரூபன், மூன்று விடயங்களைச் சொல். குளிரூட்டும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீச்சியதா? என்ன ஓயில் வாங்கினாய்? அளந்த ஓயிலை எப்போது, எதற்குள் ஊற்றினாய்?

ரூபன் தம்பி, காலை 7.41
தண்ணீர் கடைசி வரை நன்றாகப் பீச்சியது. ஓயில் நீல நிறம், படகு எஞ்சின் ஓயிலுக்கான தரக்குறி ரீசீ டபிள்யூ 3 என்று போத்தலில் எழுதியிருக்கிறது. பெற்றோல் நிலையத்தில் கலனை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து, படகில் ஏற்றிய பின்பு ஓயிலை மேலே ஊற்றி மூடி, குழாயைப் பொருத்தி உடனே புறப்பட்டோம்.

சின்ன மாமா, காலை 7.55
விடை உன் கடைசி வசனத்திலேயே இருக்கிறது. நீ அளந்தது சரி, வாங்கியதும் சரி, ஆனால் கலக்கவில்லை. ஓயில் பெற்றோலை விடப் பாரமானது, மேலே ஊற்றினால் நேராக அடிக்குப் போய் உட்காரும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் எஞ்சின் ஓயிலையே குடித்தது, அதுதான் நீ கண்ட புகை. அடியில் கிடந்தது தீர்ந்ததும் ஏறக்குறைய வெறும் பெற்றோல் போனது, அதுதான் புகை மறைந்த நேரம். கச்சான்காற்றுக் காலத்துக் கடல் குளம் போல் கிடந்ததால், கலனைக் குலுக்கிவிட அலைகூட இல்லை. வாடைக்காற்றுக் காலமாக இருந்தால் கடலே உனக்காகக் கலந்து தந்திருக்கும்!

கலனை விளிம்பு வரை நிரப்பியது அடுத்த பிழை. குலுக்குவதற்கு உள்ளே வெற்றிடம் வேண்டாமா? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பழைய ஆட்கள் செய்வதைப் பார்: வெறும் கலனுக்குள் ஓயிலை முதலில் விட்டு எடுத்துக்கொண்டுதான் பெற்றோல் நிலையத்துக்குப் போவார்கள், கலனை நிலத்தில் வைத்துப் பாதி நிரப்பி, மூடிக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புவார்கள். பெற்றோல் விழுகின்ற வேகத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பெரியப்பா, காலை 8.10
அப்படியானால் கூடுதலாக ஊற்றுவதில் என்ன பிழை? குறைவதை விடக் கூடுவது நல்லதுதானே?

சின்ன மாமா, காலை 8.22
குறைவதை விட நல்லதுதான், அத்தான். ஆனால் மிகுந்த ஓயில் முழுதாக எரியாமல், பொறி கொடுக்கும் பிளக்கில் கரியாகப் படியும், புகைபோக்கியை அடைக்கும். இன்னொன்றும் உண்டு: பெற்றோலைக் காற்றுடன் கலந்து அனுப்பும் காபரேற்றரின் துளை மாறுவதில்லை, எனவே அதனூடாகப் போகும் கலவையில் ஓயில் கூடினால் பெற்றோல் குறைகிறது, எரிபொருள் குறைந்த கலவை எஞ்சினைச் சூடாக்கும். புதிய எஞ்சினை முதல் பத்து மணித்தியாலம் பழக்கும்போது மட்டும் பல கையேடுகள் 25க்கு 1, அதாவது லீற்றருக்கு 40 மில்லிலீற்றர் கேட்கின்றன. அதன் பிறகு கையேடு சொல்வதே அளவு.

பெரியப்பா, காலை 8.31
நாங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய அன்று கரையே மரண வீடு மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயே பிசுபிசுப்பானது, அதற்கும் ஓயில் வேண்டுமா என்று அப்போதே சிலர் ஓயிலைக் குறைத்தார்கள்.

சின்ன மாமா, காலை 8.40
குறைத்தவர்களின் எஞ்சின்கள் என் கராஜுக்குத்தான் வந்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரிலுள்ள ஓயிலையும் கழுவிவிடும். அதனால்தான் மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடங்கி, நிறுத்துவதற்கு முன்பும் பெற்றோலுக்கு மாற்றுகிறார்கள். ரூபனுடையது பெற்றோல் எஞ்சின், அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றும் எண்ணமே வேண்டாம்.

வாணி அக்கா, காலை 8.47
மாமா, நிலாவெளிக் காணியில் புல் வெட்டும் மெஷினுக்கு ரூபனின் கலவையில் ஒரு லீற்றர் எடுக்கலாமா?

சின்ன மாமா, காலை 8.52
எடுக்காதே, பிள்ளை. ரூபனின் ஓயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. உன் மெஷின் காற்றால் குளிர்வது, மிகவும் சூடாக ஓடும், அதற்கு ஜாசோ எஃப்டி என்று அடையாளமிட்ட ஓயில் வாங்கு. அளவு அதன் மூடியிலேயே இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓயில் இரண்டுக்கும் ஆகாது, எரிந்தால் சாம்பல் விட்டுப் பிளக்கைக் கெடுக்கும்.

ரூபன், எஞ்சினை இயக்காதே. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழு. மாலையில் அமுக்கம் பார்க்கும் கருவியோடு வருகிறேன். கலனில் மிஞ்சியதில் கொஞ்சத்தைக் குலுக்காமல், உறிஞ்சுகுழாய் வழியாக ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து வை. புதிதாக ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் கலந்து இன்னொன்றில் ஊற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

ரூபன் தம்பி, மாலை 5.48
பார்த்தேன், மாமா. புதிய கலவை நீலமாக இருக்கிறது. கலனிலிருந்து எடுத்ததில் நீலம் தேடினாலும் தெரியவில்லை.

சின்ன மாமா, மாலை 6.35
அமுக்கம் இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. தப்பிவிட்டது. இருந்தாலும் நாளை சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சுவரில் கீறல் உண்டா என்று பார்த்த பிறகே கடலில் இறக்க வேண்டும்.

வாணி அக்கா, மாலை 6.41
அந்தப் பால் போத்தலை வீட்டுக்குள் கொண்டு வராதே, ரூபன். அதை எஞ்சினுக்கே வைத்துக்கொள், பிள்ளைக்குப் புதிதாக இரண்டு வாங்கி வா.